மழைக்கு கலெக்டர், வெயிலுக்கு மந்திரி

வருஷா வருஷம் மே மூன்றாவது வாரம் வந்துவிட்டால் எங்கள் பக்கம் ஒரே கேள்விதான்: "ஸ்கூல் சொன்ன தேதியில திறக்குமா, தள்ளிப் போடுவாங்களா?" கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் இதற்கு இரண்டு கட்சி உண்டு. வெயில் கொளுத்துது, பிள்ளைங்க பாவம், இன்னும் இரண்டு வாரம் விடணும் என்பது ஒரு கட்சி. ஏற்கெனவே நாற்பது நாள் வீட்டில் கிடந்து படிச்சதெல்லாம் மறந்து போச்சு, சீக்கிரம் திறக்கணும் என்பது இன்னொரு கட்சி. டிவி விவாதத்திலும் இதே இரண்டு கட்சிதான், கொஞ்சம் சத்தம் அதிகம்.

இரண்டு பக்க வாதங்களையும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் கல்வியாளன் இல்லை, பி.இ. படித்துவிட்டு மென்பொருள் வேலை பார்க்கிற ஆள், எக்செல் திறந்தால் மூட மனசு வராது. பார்த்த வரைக்கும் எனக்குத் தோன்றுவது இது: நீளமா, குட்டையா என்று கேட்பதால் விவாதமே தப்பான இடத்தில் நிற்கிறது. எந்த நாட்களில் விடுமுறை, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகள்தான் திருவள்ளூர் மாதிரியான மாவட்டத்துக்கு முக்கியம். அந்த இரண்டையும் யாரும் கேட்பதில்லை.

முதலில் நாட்கணக்கு. 2025-இல் ஆறாம் வகுப்புக்கு மேல் விடுமுறை ஏப்ரல் 25-இல் தொடங்கி ஜூன் 1 வரை. 38 நாள். கேட்க நிறைய மாதிரி இருக்கு. சனி, ஞாயிறைக் கழித்தால் 26. மே தினத்தையும் கழித்தால் 25. அதாவது நாம் சண்டை போடுவது ஐந்து வாரத்துப் பள்ளி நாட்களைப் பற்றி. கல்வி உரிமைச் சட்டம் 2009 கேட்பது முதல் ஐந்து வகுப்புகளுக்கு வருஷத்துக்கு 200 வேலை நாள், ஆறு முதல் எட்டு வரை 220. ஒரு வாரம் கூட்டினாலும் குறைத்தாலும் ஐந்து நாள், நூற்றுக்கு இரண்டே கால். இதற்காகவா இவ்வளவு கூச்சல்?

"மறந்து போச்சு" கட்சிக்கு ஒரு பெரிய ஆயுதம் இருக்கிறது, அமெரிக்க ஆய்வுகள். 1996-இல் ஹாரிஸ் கூப்பரும் சகாக்களும் பழைய ஆய்வுகளைத் திரட்டி, கோடை விடுமுறையில் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பை இழக்கிறார்கள், வாசிப்பை விடக் கணக்கில் அதிகம் என்று எழுதினார்கள். பால்டிமோர் நகரப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த இன்னொரு ஆய்வு, ஏழை பணக்காரப் பிள்ளைகளுக்கு இடையிலான படிப்பு இடைவெளி கோடையில்தான் வளர்கிறது என்றது. இதைத்தான் நம் ஊர் டியூஷன் சென்டர் விளம்பரம் வரைக்கும் சொல்கிறார்கள். ஆனால் 2019-இல் பால் வான் ஹிப்பெல் அந்தப் பழைய கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து, அந்தக் காலத்துத் தேர்வுகளின் மதிப்பெண் அளவுகோலே கோணல், நவீன அளவுகோலில் அந்த இடைவெளி அப்படி வளர்வதாகக் காணோம் என்று எழுதியது விளம்பரம் வரைக்கும் வந்து சேரவில்லை. அதுவும் போக, அமெரிக்கக் கோடை விடுமுறை பத்து, பதினோரு வாரம். நம்முடையது ஐந்தரை. சட்டை அளவே வேற.

நமக்கு நம் ஊர் ஆதாரமே இருக்கிறது, அதுவும் உலகத்தில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத அளவுக்கு. கொரோனாவில் தமிழ்நாட்டு ஆரம்பப் பள்ளிகள் ஏறத்தாழ ஒன்றரை வருஷம் மூடிக் கிடந்தன. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில், முன்பு அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால் கணக்கில் சுமார் 0.7 திட்ட விலக்கம், தமிழில் 0.34 திட்ட விலக்கம் பின்தங்கி இருந்தார்கள். பெரிய சரிவு. ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்குக்குக் காரணம் 'இல்லம் தேடிக் கல்வி', அதாவது தெருவில் இருக்கிற தன்னார்வலர் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தது. இழப்பு வசதி குறைந்த பிள்ளைகளுக்கு அதிகமாக இருந்தது. மீட்சியும் அவர்களுக்கே அதிகமாக இருந்தது.

இதை நான் இப்படிப் படிக்கிறேன். பதினெட்டு மாச இடைவெளியையே இந்த அளவுக்கு ஈடுகட்ட முடிந்தது என்றால், பத்து நாள் கூடினால் படிப்பு பாழ் என்பது மிகை. அதே நேரம், அந்த நாட்களில் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தாரா இல்லையா என்பது மிகை இல்லை, நேரடியாகக் கணக்கில் தெரிகிறது.

இனி வெயில் கட்சி. இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது.

விடுமுறையின் உருவத்தை நம் மனசில் வைத்திருப்பது கத்திரி. பஞ்சாங்கப்படி மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். சூரியன் கிருத்திகை நட்சத்திரத்தைக் கடக்கும் காலம், அதனால் அக்னி நட்சத்திரம். கத்திரி முடிஞ்சா வெயில் குறையும், ஜூன் முதல் வாரம் பள்ளி திறக்கலாம் என்பது எழுதப்படாத சூத்திரம். கோயம்புத்தூருக்கு இது அநியாயத்துக்குப் பொருந்தும். அங்கே உச்ச வெயில் ஏப்ரலிலேயே வந்துவிடும்; மே கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பருவக்காற்று புகுந்தால் ஜூனில் பகல் வெப்பம் சராசரியாக 32 டிகிரி பக்கம் இறங்கிவிடும். கன்னியாகுமரியில் குடை தேட வேண்டியிருக்கும்.

சென்னை, திருவள்ளூர் கடலோரத்துக்கு இந்தச் சூத்திரம் அப்படியே தலைகீழ். சென்னையின் ஏப்ரல் சராசரி உச்ச வெப்பம் 35-ஐ ஒட்டி. மே 37. ஜூனும் ஏறத்தாழ அதே 37. அதாவது நாம் லீவு விடுகிற ஏப்ரல் கடைசியை விட, பள்ளி திறக்கிற ஜூன் முதல் வாரம் இங்கே அதிக வெயில். சென்னையில் 45 டிகிரியைத் தொட்ட அந்தப் பேர்போன நாள் 2003 மே மாதக் கடைசியில் வந்தது, கத்திரிக்கு நடுவில் இல்லை.

காரணம் எளிதுதான். தென்மேற்குப் பருவக்காற்று கேரளாவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது காய்ந்து, சூடேறி, மேற்கிலிருந்து வேகமாக அடிக்கும். எதிர்ப்பக்கம் கடல்காற்று உள்ளே வரப் பார்க்கும். ஏப்ரலில் கடல்காற்று முற்பகலிலேயே ஜெயித்துவிடும். மே கடைசி, ஜூன் முதல் பாதியில் மேல்காற்று ஜெயிக்கும். கடல்காற்று மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் தலை காட்டும், சில நாள் வராமலே போகும். கேரளாவில் மழை தொடங்கியாச்சு என்று செய்தியில் படம் காட்டும் அதே நாளில் திருத்தணி மாநில வெயில் பட்டியலில் மேலே நிற்பதற்கு இதுதான் காரணம். பழவேற்காடு, கும்மிடிப்பூண்டி பக்கம் கடல்காற்று வந்தாலும் வேர்வை காயாது, அது தனிக் கொடுமை.

ஆக "ஜூன் வெயில் இந்த வருஷம் எதிர்பாராதது" என்ற வாசகம் எங்கள் மாவட்டத்தில் செல்லாது. ஜூன் வெயில் இங்கே வழக்கம். அதை ஒவ்வொரு வருஷமும் திடீர்ப் பிரச்சினையாக நடத்துவதுதான் என் முதல் குற்றச்சாட்டு.

நடந்ததைப் பாருங்கள். 2017: ஜூன் 1 என்று இருந்தது 7-க்குத் தள்ளிப்போனது. 2024: ஜூன் 6 என்றது 10 ஆனது. 2023-தான் சரியான உதாரணம். ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 1, ஆரம்ப வகுப்புகளுக்கு ஜூன் 5 என்று அறிவித்தார்கள். பிறகு எல்லோருக்கும் ஜூன் 7 என்றார்கள். ஜூன் 7-க்கு இரண்டு நாள் முன்னால் மறுபடி மாற்றி பெரியவர்களுக்கு 12, சின்னவர்களுக்கு 14. இரு தரப்புக்கும் போனது ஏழு வேலை நாள். அதை சனிக்கிழமை வகுப்பு வைத்து ஈடுகட்டுவோம் என்றார் பள்ளிக்கல்வி அமைச்சர். கடைசியில் ஜூன் 19 அன்று சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கம் கொட்டிய மழையில் பள்ளிகளுக்கு மழை விடுமுறை! ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பள்ளி திறந்து ஐந்தே நாள் ஆகியிருந்தது.

சிரிக்கலாம். ஆனால் அந்த மழை விடுமுறையில்தான் என் இரண்டாவது குற்றச்சாட்டு இருக்கிறது. மழைக்கு லீவு விடுவது யார்? மாவட்ட ஆட்சியர். காலை ஆறு மணிக்கு வானத்தைப் பார்த்து, வானிலை மையத்தைக் கேட்டு, இந்த மாவட்டத்துக்கு லீவு, பக்கத்து மாவட்டத்துக்கு இல்லை என்று முடிவு செய்கிறார். சில சமயம் குறிப்பிட்ட தாலுகாவுக்கு மட்டும் என்றுகூட அறிவிப்பு வரும். கலெக்டரின் சமூக வலைதளப் பக்கத்தில் பிள்ளைகள் போய் "சார் ப்ளீஸ்" என்று கெஞ்சும் கலாச்சாரமே உருவாகிவிட்டது. யாரும் இதை விசித்திரமாக நினைப்பதில்லை. வெயில் என்று வந்தால் மட்டும் கன்னியாகுமரிக்கும் திருத்தணிக்கும் ஒரே தேதி, சென்னையில் அமைச்சர் சொல்ல வேண்டும். தலைநகரில் அனல் அடித்தால் கோயம்புத்தூர்ப் பிள்ளைக்கும் ஒரு வாரம் போகும். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அரசே அறிவித்துவிட்டது. மழைப் பேரிடருக்கு மாவட்டம் முடிவு செய்யலாம் என்றால் வெப்பப் பேரிடருக்கு ஏன் கூடாது?

"ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு, மாவட்டத்துக்கு மாவட்டம் திறக்கும் தேதி மாறினா குழப்பம் வரும்" என்பார்கள். குழப்பம் ஏற்கெனவே இருக்கு. 2015 வெள்ளத்தில் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் பிள்ளைகள் ஏறத்தாழ ஒரு மாதம் பள்ளி போகவில்லை. அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குப் போனது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நாட்கள் போயின, தேர்வு தள்ளிப்போனது. அந்த வருஷங்களில் மதுரைப் பிள்ளையும் திருவள்ளூர்ப் பிள்ளையும் ஒரே பொதுத்தேர்வைத்தான் எழுதினார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் நாள் இழக்கப்போகிற மாவட்டம் என்று தெரிந்தே, அதே மாவட்டத்துக்கு ஜூனில் தற்செயலாக ஏழு நாளைக் கழிப்பதுதான் உண்மையான குழப்பம்.

ஆரம்பாக்கம் தாண்டினால் தடா, ஆந்திரா. அதே வெயில், அதே மேல்காற்று. அங்கே பள்ளி திறப்பது வழக்கமாக ஜூன் 12. அது முதலிலிருந்தே நாட்காட்டியில் இருப்பதால் மே கடைசியில் யாரும் செய்திச் சேனல் முன்னால் உட்கார வேண்டியதில்லை. அதோடு மார்ச் பாதியிலிருந்து 'ஒண்ட்டி பூட்ட படுலு', அதாவது ஒருவேளைப் பள்ளி. காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 2023 ஜூனில் திறந்த பிறகும் வெயில் இறங்காததால் அரைநாள் மட்டும் நடத்தினார்கள். நம் ஆட்களுக்கு முழு நாள் பள்ளி அல்லது முழு நாள் லீவு, நடுவில் ஒன்று இருப்பதே கண்ணில் படுவதில்லை. கேரளாவில் 2025 ஜூலை கடைசியில் அமைச்சர் சிவன்குட்டி, விடுமுறையை ஏப்ரல் மே மாதங்களிலிருந்து மழை கொட்டும் ஜூன் ஜூலைக்கு மாற்றலாமா என்று பொது விவாதத்துக்கே விட்டார். அது நடக்குமோ நடக்காதோ, கேள்வி சரியான கேள்வி. எத்தனை நாள் என்று கேட்காமல், எந்த நாட்கள் என்று கேட்டார்.

வெயில் கட்சியிடம் எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. பள்ளி இல்லையென்றால் பிள்ளை நிழலில் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். யாருடைய பிள்ளை? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மே மாதம் லீவு கிடையாது. காண்ட்ராக்டில் இருக்கிற அப்பா, அம்மா இருவரும் ஷிப்டுக்குப் போனால், மேலே ஷீட் போட்ட ஒற்றை அறை வாடகை வீட்டில் பிள்ளை. மதியம் அந்த அறைக்குள் நிற்க முடியாது. அதனால் பிள்ளை வெளியே, ஏரிக்கரை, கல்குவாரிக் குட்டை என்று போகும். ஒவ்வொரு மே மாதமும் செய்தித்தாளில் குளிக்கப் போய் மூழ்கிய பிள்ளைகள் பற்றி எந்தப் பக்கத்தில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். தென் மாவட்டத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்த குடும்பங்கள் பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் ஊரில் விட்டுவிட்டு, திறக்கும் தேதி பார்த்து இரண்டு மாசம் முன்னால் ரயில் டிக்கெட் போடுகிறார்கள். இரண்டு நாள் முன்னால் தேதி மாறினால் டிக்கெட் காசும் போச்சு, லீவு போட்ட நாள் சம்பளமும் போச்சு.

செங்கல் சூளைப் பிள்ளைகள் இன்னும் பரிதாபம். நம் மாவட்டச் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். தை மாசம் வாக்கில் வந்தால் மழை தொடங்கும் வரை வேலை. மே என்பது அவர்களுக்கு உச்ச சீசன். இந்தப் பிள்ளைகளுக்காக ஒடியா மொழிப் பாடப் புத்தகங்களோடு சூளைப் பகுதிகளிலேயே வகுப்பு நடத்திய நல்ல முயற்சிகள் இந்த மாவட்டத்தில் நடந்திருக்கின்றன. அந்தப் பிள்ளைக்கு ஜூன் மாதம் பள்ளி திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன? அது அதற்குள் ரயில் ஏறியிருக்கும். நம் நாட்காட்டி விவாதத்தில் அந்தப் பிள்ளை எந்தக் கட்சியிலும் இல்லை.

பிறகு சோறு. காமராஜர் 1956-இல் தொடங்கியது, எம்.ஜி.ஆர். 1982-இல் விரித்தது, 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. ஊரக அரசு உதவி பெறும் பள்ளிகளுக்குக் காலை உணவை விரிவுபடுத்தும் விழா 2024 ஜூலையில் நம் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான் நடந்தது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்குப் பள்ளி நாளில் இரண்டு வேளை சாப்பாடு அங்கேயே. விடுமுறையில் இரண்டும் நிற்கிறது. விடுமுறையை ஒரு வாரம் நீட்டினால் பத்து வேளை. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே உத்தரவிட்டது. பள்ளி வேறு, சமையலறை வேறு என்று பிரித்துப் பார்க்க முடியும் என்பதற்கு அது ஒன்றே போதும். சத்துணவுக் கூடத்தை மட்டும் திறந்து வைத்தால், சாப்பிட வரும் பிள்ளைகளுக்கு 'இல்லம் தேடிக் கல்வி' மாதிரி ஒரு மணி நேரம் ஆள் போட்டால், நீளம் பற்றிய சண்டையில் பாதி தானாகவே காணாமல் போகும்.

மெட்ரிக் பள்ளிகளைப் பற்றி ஒரு வரி. ஒன்பதாம் வகுப்பு முடித்த என் அண்ணன் மகளுக்கு ஒரு மே மாதத்தில் கிடைத்த விடுமுறை பதினோரு நாள். மிச்ச நாளெல்லாம் ஸ்பெஷல் கிளாஸ், மேலே ஷீட் கூரை. கோடையில் வகுப்பு நடத்தினால் நடவடிக்கை என்று ஒவ்வொரு வருஷமும் சுற்றறிக்கை வருகிறது, வகுப்பும் நடக்கிறது. ஷீட் கூரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004 ஜூலை 16 கும்பகோணம் தீ விபத்தில் 94 குழந்தைகள் போன பிறகு பள்ளிகளில் ஓலைக் கூரை எடுக்கப்பட்டது. எடுக்க வேண்டியதுதான். நான் பார்த்த பல இடங்களில் அந்த இடத்துக்கு வந்தது தகரமும் சிமெண்ட் ஷீட்டும். தீ பிடிக்காது, ஆனால் மதியம் ஒரு மணிக்கு அடியில் உட்கார முடியாது. ஜூன் 2-ஆ, 12-ஆ என்று பேசுகிறவர்கள் ஜூலையிலும் அந்தக் கூரை அங்கேதான் இருக்கும் என்பதைச் சேர்த்துப் பேச வேண்டும். வெள்ளைப் பூச்சு ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை.

என் யோசனை இதுதான், ஓட்டைகள் இருந்தால் சொல்லுங்கள். மொத்த நாட்களைத் தொட வேண்டாம். சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு ஆண்டுத் தேர்வை ஏப்ரல் கடைசியில், காலை நேரத்தில் முடித்து, பள்ளியை ஜூன் 12 வாக்கில் திறப்பது என்று வருஷ ஆரம்பத்திலேயே நாட்காட்டியில் போட்டுவிடலாம். மேற்கு மாவட்டங்கள் ஜூன் முதல் நாளே திறக்கட்டும், அவர்களுக்கு ஏப்ரலில் சீக்கிரம் லீவு. அதன் பிறகும் அனல் அடித்தால் ஒரு நாளோ, ஒரு வேளையோ குறைக்கும் அதிகாரம் கலெக்டருக்கு.

ஆசிரியர் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் எழுப்பிய சிக்கல் நியாயமானது. இடமாறுதல் கலந்தாய்வு மே, ஜூனில் மாநிலம் முழுக்க நடக்கும். கோயம்புத்தூரில் ஜூன் 1-க்கும் பொன்னேரியில் 12-க்கும் திறந்தால், நடுவில் மாறி வருகிறவருக்கு எந்தத் தேதி, சம்பளப் பட்டியல் யார் போடுவது என்றார். இது ஒரு எக்செல் ஷீட் சமாச்சாரம் என்று சொன்னேன். "உங்க எக்செல்லை டி.இ.ஓ. ஆபீஸ்ல திறந்து பாருங்க தம்பி, அப்ப தெரியும்" என்றார்.